கோவிலம்பாக்கத்துப் போலந்து

தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கிய அன்று எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள். அதற்கப்புறம் குப்பை வண்டியில் எழுத்து மாறியது, வீட்டு வரி ரசீதில் தலைப்பு மாறியது. தெரு மட்டும் மாறவே இல்லை. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் சேலையூர்த் தெருவில் முதல் வீட்டுக்காரன் தும்மினால் கடைசி வீட்டில் மிளகு ரசம் வைப்பார்கள். ஒரு தடவை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, "எத்தினி வாட்டி போச்சு தம்பி?" என்று கேட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் இருபத்தெட்டு வருஷம் வளர்ந்தவன் நான், ஹேமநாத். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா துளசிங்கத்துக்கு, தாத்தா நெல் நட்ட இடத்தில் நிற்கும் கடைகளிலிருந்து வாடகை வரும். அது தானாக வருவதால், ஊரில் எல்லாரையும் தெரிந்து வைத்திருப்பதை அவர் முழுநேர வேலையாக வைத்திருந்தார். நான் எங்கே டீ குடித்தேன், யாரோடு குடித்தேன் என்பது எனக்கு மறந்தாலும் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. என்னை யாருக்குமே தெரியாத ஒரு ஊரில், யாரும் எதுவும் கேட்காமல், நிம்மதியாக ஒரு தெருவைக் கடந்து போக வேண்டும். போலந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னபோது நான் சம்பளத்தைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்டேன். "அங்க நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா?" என்று முதலில் கேட்டேன். "அந்த ஊர்ல ஒருத்தர்கூட இல்ல சார், அதான் பிரச்சினை" என்றார். உடனே கையெழுத்துப் போட்டேன்.

விசா வந்தது. என் அம்மா கங்கையம்மாள் பாஸ்போர்ட்டை அம்மன் கோவிலில் வைத்து எடுத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்தாள். பிறகு அது தெரு முழுக்கக் கைமாறியது. பக்கத்து வீட்டு காந்தா அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கெசியா டீச்சர் அதன்மேல் கை வைத்து ஜெபம் செய்தார். குழந்தைகள் விசாவில் இருந்த என் போட்டோவைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனை பேர் தொட்டுப் பார்த்த அந்தக் காகிதத்தை ஒருத்தராவது படித்திருக்கலாம். நானாவது படித்திருக்கலாம்.

புறப்படுவதற்கு முந்தைய வாரமே தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் போட்டிராத கோட்டு, கூலிங் கிளாஸ், பின்னால் ஈஃபிள் டவர். "அது பாரிஸ்ல கீற டவர்பா" என்றேன். "எல்லாம் அந்தப் பக்கம்தானே" என்றார் அப்பா. "அயலகம் ஆளப் புறப்படும் எங்கள் சேலையூர்ச் சிங்கமே" என்று அதில் எழுதியிருந்தது. நவம்பர் மழையில்கூட அது கிழியவில்லை. நல்ல கெட்டி ஷீட்டாகப் பார்த்துப் போட்டிருந்தார்கள்.

பிரியாணி ஆயிற்று, மாலை ஆயிற்று, இரண்டு வேனில் தெருவே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வந்தது. அம்மா அழுதாள், காந்தா அக்கா அவளைவிடச் சத்தமாக அழுதாள். நான் கை காட்டிவிட்டு உள்ளே போனேன். கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், மஞ்சளைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"சார், உங்க விசா அடுத்த மாசம்தான் ஸ்டார்ட் ஆகுது."

ஏஜென்ட்டுக்கு போன் போட்டேன். "அப்படியா?" என்றார், என்னமோ நான்தான் அவருக்கு விசா எடுத்துக் கொடுத்த மாதிரி. பிறகு, டிக்கெட்டை மாற்றித் தருகிறேன், கம்பெனியில் பேசிக்கொள்கிறேன், ஐந்து வாரம் பொறுங்கள் என்றார்.

ஐந்து வாரம் வீட்டில் இருந்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கு துரைராஜ் அண்ணனைத் தெரியாது. அவர் என் சின்ன வயதில் துபாய் போனார், வெயில் ஒத்துக்கொள்ளாமல் பத்தாம் நாள் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் துபாய். அவர் மனைவி துபாய் அக்கா. அவர் பிள்ளைகள் துபாய் பசங்க. போன வருஷம் அவர் வீட்டில் ஒரு நாய்க்குட்டி வந்தது. அதையும் துபாய் நாய் என்கிறார்கள். நான் அன்று வெளியே வந்து வேனில் ஏறியிருந்தால் என் பேரன் காலம் வரைக்கும் எங்கள் வீடு போலந்து வூடுதான். அதற்கு நான் தயாராக இல்லை.

அப்பா போன் செய்தார். "ஏறிட்டியா? நாங்க ரோட்டாண்ட நிக்கிறோம், பிளேன் ஏர்றத பாத்துட்டுதான் போவோம்."

"ஏறிட்டேன்பா" என்று சொல்லி போனை அணைத்தேன். அவர்கள் கூட்டமாக நின்று கை காட்டிய விமானம் மதுரைக்குப் போயிருக்க வேண்டும் என்று பிறகு கணக்குப் போட்டேன்.

வேன்கள் போன பிறகு, என்னோடு வேலை பார்த்த குமரவேலைக் கூப்பிட்டேன். அவன் கோவிலம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி ரூமில் தனியாக இருந்தான். எங்கள் தெருவிலிருந்து பல்லாவரம் போய் ரேடியல் ரோட்டைப் பிடித்தால் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் சேலையூர்க்காரர்களுக்குக் கோவிலம்பாக்கத்தில் என்ன வேலை இருக்கிறது? பெட்டிகளை மாடி ஏற்றிவிட்டு, "மச்சான், இதுதான் உன் போலந்து" என்று குமரவேல் பாயை விரித்தான்.

வெளியே போகும்போதெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். வண்டி இல்லாமல் ஹெல்மெட்டோடு தயிர் வாங்க வருகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் கடை வாசலில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. பின்னால் மீன் கூடை, முன்னால் முனியம்மா அக்கா. கோவளம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். வருகிற வழியில் கோவிலம்பாக்கத்தையும் முடித்துக்கொண்டுதான் வருவாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏம்பா ஹெல்மெட்டு, நெத்திலி வேணுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"நெத்திலின்னா உசுர வுடுவியே, இன்னிக்கு இன்னா வேணான்ற?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். விஷயத்தைச் சொன்னேன். "அக்கா, தயவு பண்ணி யாராண்டயும் சொல்லாதீங்க."

"நான் ஏன் கண்ணு சொல்லப் போறேன்? எனக்கு இன்னாத்துக்கு அந்தப் பேஜாரு?" என்றாள். அவள் சொன்னதை நம்பினேன். வேறு வழியில்லாதவன் எதையும் நம்புவான்.

மறுநாள் வண்டிச் சத்தம் கேட்டுக் கீழே எட்டிப் பார்த்தேன். முனியம்மா அக்கா ஒரு தூக்கைக் காட்டினாள், இறங்கிப் போய் வாங்கினேன். உள்ளே வஞ்சிரக் குழம்பு. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் பக்கம் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள். "காந்தா, சேலையூர்" என்று வெட்டியிருந்தது.

"அக்கா!"

"காந்தாவாண்ட மட்டுந்தான் சொன்னேன்பா. அதுவும் உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினுதான் சொன்னேன்."

அடுத்த நாள் வந்த டப்பாவில் "கெசியா" என்று இருந்தது. அதற்கடுத்த நாள் ஒரு குண்டான், "ராஜாராமன் திருமண அன்பளிப்பு" என்று. ராஜாராமன் எங்கள் தெருவில் பிள்ளையார் கோவிலை ஒட்டிய வீடு. அவருடைய கல்யாணப் பாத்திரத்தில் எனக்கு வெண்பொங்கல் வந்திருந்தது. ஆளுக்கு ஆள் சத்தியம் வாங்கிக்கொண்டு முனியம்மா அக்கா தெருவை ஒரு வாரத்தில் முடித்துவிட்டாள். ஒரு வீடு பாக்கியில்லை, எங்கள் வீட்டைத் தவிர. துபாய் அண்ணன் வீட்டிலிருந்துகூட ஒரு அடுக்கு கேரியர் வந்தது, ஒரு சேதியோடு. "மொத மாசந்தான் கஷ்டமா கீதாம். அப்புறம் பழகிடுமாம். சொல்லச் சொன்னாரு." அந்த மனுஷன் அனுப்பிய சாம்பாரை நான் சாப்பிடாமல் எடுத்து வைத்தேன். குமரவேல் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான்.

குமரவேலுக்கு அது பொற்காலம். நான் வந்ததிலிருந்து அவன் பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது. "மச்சான், நீ போலந்துக்கே போவாதடா" என்பான். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாதே என்று, கழுவி, ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்புவோம். கடைக்காரர் தினமும் சர்க்கரை வாங்கும் இரண்டு தடியன்களைச் சந்தேகமாகப் பார்த்தார்.

இதற்கிடையில் நான் தினமும் மத்தியானம் வெள்ளைப் பெட்ஷீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, வேர்வை சொட்டச் சொட்ட அம்மாவுக்கு வீடியோ கால் செய்துகொண்டிருந்தேன்.

"குளுருதா கண்ணு?"

"பயங்கரமாம்மா."

"மோர் ஊத்திக்காத. சளி புடிக்கும்."

அம்மாவின் தோளுக்குப் பின்னால் காந்தா அக்கா எட்டிப் பார்ப்பாள். "அய்யோ, எம்மாம் குளுரு! புள்ள மூஞ்சே வெளுத்துப் போச்சு கங்கா!" என்பாள். முந்தின நாள் அவள் அனுப்பிய சுறாப்புட்டு என் வயிற்றில் இருக்கும். நான் அவளைப் பார்க்காமல் அம்மாவையே பார்ப்பேன். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே தெருவில் ஆட்டோ ஒன்று மைக் வைத்துக்கொண்டு வந்தது. "பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக் சாமான் எடுக்கறது..."

நான் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பரவால்லியே," என்றாள் அம்மா. "அங்கியும் பழைய இரும்பு எடுக்கறாங்க." நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் எனக்கு ஜுரம் வந்தது. மழைத் தண்ணீர் தேங்கினால் கோவிலம்பாக்கத்துக் கொசு வேறு யாரைக் கடிக்கும்? குமரவேல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம் முனியம்மா அக்கா கீழே நின்று கூப்பிடவில்லை, படியேறியே வந்தாள். கையில் ஒரு பழைய தூக்கு. மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலை எனக்குத் தெரியும். நான் நாலாவது படிக்கும்போது கிரிக்கெட் பந்தால் அடித்தது. "து.கங்கை" என்று பேர் இருந்தது. திறந்தால் அரிசிக் கஞ்சி, பருப்புத் துவையல்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பழைய இரும்புக்காரன் வந்தானாமே, அன்னிலருந்து தெரியும். 'எம்புள்ள எங்க கீறான் சொல்லு'ன்னு என் கூடய புடிச்சிகினு நின்னுச்சு. சொல்லிட்டேன். தெருவுக்கு மட்டும் தெரிய வேணாம், அவன் மானம் போய்டும், வாயத் தொறக்காதன்னு சத்தியம் வாங்கிச்சு."

"தெருவுக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

"அது உங்கம்மாவுக்குத் தெரியாதே. நான் இன்னா பண்றது, ரெண்டு பக்கமும் சத்தியம் பண்ணிட்டு நிக்கறேன்" என்று வெற்றிலையைத் துப்ப மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போனாள்.

ஆக, என் மானத்தைக் காப்பாற்றத் தெரு அம்மாவிடம் நடிக்கிறது. அம்மா தெருவிடம் நடிக்கிறாள். நான் எல்லாரிடமும் ஸ்வெட்டர் போட்டு நடிக்கிறேன். எனக்கு எரிச்சல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு ஜுரம். கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடித்துவிட்டு, இந்த ஊரைவிட்டு ஓடியே தீர வேண்டும் என்று முன்னைவிட உறுதியாக முடிவு செய்தேன். போர்வைக்குள் ஒளிந்தாலும் கண்டுபிடித்து வாயில் கஞ்சி ஊற்றுகிற ஊரில் மனுஷன் எப்படிச் சுதந்திரமாக இருப்பது?

விசாவின் தேதி வந்தது. முனியம்மா அக்காவிடம் சொன்னேன், "அக்கா, நாளைக்கு நிஜமாவே போறேன்."

"போய்ட்டு வா கண்ணு. நாளைக்குக் கெளங்கா மீனு நல்லா வரும், எடுத்தாரேன்" என்றாள்.

இந்த முறை மாலை இல்லை, வேன் இல்லை. குமரவேல் பைக்கில் கொண்டுவந்து விட்டான். கவுன்டரில் முதலில் தேதியைப் படித்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

போலந்தில் நான் போய்ச் சேர்ந்ததும் சின்ன நகரம்தான். தாம்பரம் மாதிரி ஒரு ஸ்டேஷன், ஒரு கடைத்தெரு, ஒரு மாதா கோவில். ஆனால் ஆஹா, என்ன சுகம்! தெருவில் நடந்தேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை. கடையில் மாத்திரை வாங்கினேன், எத்தனை தடவை போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பக்கத்து அறைக்காரன் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவான். எங்கள் ஊரில் மனுஷனுக்கு மட்டுமில்லை, சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இங்கே மனுஷனுக்கே இல்லை. முதல் பத்து நாள் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

பனி பெய்த அன்று பெருமையாக வீடியோ கால் போட்டேன். ஜன்னலைத் திறந்து, போனை வெளியே நீட்டி, வெள்ளை வெளேரென்ற தெருவைக் காட்டினேன். அந்தப் பக்கம் அம்மா, அப்பா, காந்தா அக்கா, கெசியா டீச்சர் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"சூப்பரா கீதுபா" என்றார் அப்பா. பிறகு போனை மூடாமலே பக்கத்தில் திரும்பி, "எந்த ஸ்டுடியோன்னு கேக்கணும்" என்று முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆக, அவருக்கும் கோவிலம்பாக்கம் தெரிந்திருக்கிறது.

"அய்யோ, எம்மாம் பனி!" என்றாள் காந்தா அக்கா, அதே பழைய குரலில்.

அவர்கள் பின்னால் எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. அம்மாவின் கோழிக் கூண்டின்மேல் ஒரு ஷீட் போர்த்தியிருந்தது. அதில் கோட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு ஈஃபிள் டவரோடு நான் படுத்திருந்தேன்.

குமரவேலுக்கு போன் செய்தேன். "டேய், நான் போய்ட்டேன்னு நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் மச்சான். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றான். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே சொன்னான். பிறகு போட்டோ அனுப்பினான். தரையில் வரிசையாகப் பாத்திரங்கள். காந்தா, கெசியா, ராஜாராமன் திருமண அன்பளிப்பு, நசுங்கின மூடியோடு து.கங்கை. "உன் பேர சொல்லித்தான் சாப்பிடறேன்" என்று கீழே எழுதியிருந்தான். திருட்டுப் பயல்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். மாடிப்படியில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பக்கத்து அறைக்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறி வந்தான். சொல்வதற்கு ஆள் இல்லை.

ஜனவரியில் மறுபடி ஜுரம். இந்த முறை கொசு இல்லை, வெறும் குளிர். வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் படுத்திருந்தேன், இரண்டாம் நாளும் படுத்திருந்தேன். கதவை யாரும் தட்டவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது, டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும் என்று. இதற்குத்தானே வந்தாய், அனுபவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் மாடிப்படியில் தூக்குவாளி ஏதாவது வருகிறதா என்று காது தானாகப் போனது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனது.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினேன். பேச ஆரம்பித்ததும் இருமல் வந்துவிட்டது.

"இன்னாடா இருமற? ஜுரமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"குரலே சரியில்லியே. சாப்டியா? யாருடா பாத்துக்கறா?"

நான் மறுபடி இருமினேன். அம்மா எழுந்து உள்ளே போகிற சத்தம், கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தெருவுக்குக் கேட்கக் கூடாதாம். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கண்ணு, அம்மாவாண்ட மறைக்காத. நெஜமாவே அம்மாம் தூரம் போய்ட்டியா? அங்க ஜுரத்துல ஒண்டியாவா கெடக்கற? சொல்லு. எனக்குக் கையி காலு ஓடல."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒருத்தர்கூட இல்லை. நான் ஆசைப்பட்ட தெரு அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா," என்றேன். "கோவிலம்பாக்கத்துலதான் இருக்கேன்."

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

"அதான பாத்தேன். வயித்துல பால வாத்தடா நைனா. கஞ்சி வெச்சி நாளைக்கு முனியம்மாவாண்ட குடுத்து வுடறேன். சூடா குடி, இன்னா? அந்தத் தூக்க மட்டும் காலியா அனுப்பாத."

"சரிம்மா," என்றேன். "சக்கர போட்டு அனுப்பறேன்."